கொடிவழி யாருக்கு உரியது?

முன்னோரை அறிந்துகொள்ளும் வேட்கை மாந்தர்க்கு இயல்பாக அமைந்த ஒன்றாகும். பாட்டன் யார், பூட்டன் யார், எவ்வூரிலிருந்து எப்போது புறப்பட்டு வந்தனர் என்னும் வினாக்கள் ஒரு தலைமுறையில் எழாவிடினும் மறு தலைமுறையிலேனும் எழுந்தே தீரும். வினவுவோர் பலர், விடை தேடி உழைப்போர் சிலர். அச்சிலர் பல்லாண்டு முயன்று திரட்டிய செய்தி, இணையத்தில் ஏற்றப்பட்ட மறுகணமே ஆயிரவர் கைக்குச் சென்று சேர்கிறது. எடுத்துக்கொள்வோருள் சிலர் நன்றி கூறுகின்றனர்; சிலர் திரட்டியவர் பெயரை நீக்கித் தமதெனக் காட்டுகின்றனர்; சில நிறுவனங்கள் அதனைக் கட்டணத்திற்கு விற்கின்றன. அதனால் மனம் நொந்து, தேடியவற்றைப் பெட்டியில் பூட்டி வைப்போரும் உளர். அவர் மறைந்த பின் பெட்டியும் மறைகிறது. ஆகவே, குடும்ப வரலாறு யாருக்கு உரியது, அதனை எவ்வாறு பகிர்வது என்னும் வினா வெறும் சட்ட வினா அன்று. ஒரு மரபின் நினைவு நிலைக்குமா அழியுமா என்பதே அதனுள் அடங்கியுள்ளது.

ஏடும் செய்தியும்

இவ்வினா இணையத்தோடு பிறந்தது அன்று. பண்டைக் காலத்தில் அரசர் குலமுறை அவையறிய உரைக்கப்பட்டது. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் மரபை முறையே எடுத்துரைக்கின்றன. கம்பர், பாலகாண்டத்தில் குலமுறை கிளத்துப் படலம் என்றே ஒரு படலம் அமைத்துள்ளார். அதில் இராமனது குலத்தைச் சனகனுக்கு உரைப்பவன் தந்தையாகிய தயரதன் அல்லன். உடன் வந்த விசுவாமித்திரனே. ஒரு குடியின் வரலாற்றை அக்குடியைச் சாராத ஒருவர் அறிந்து வைத்திருப்பதும், பிறர்க்கு உரைப்பதும் மரபிற்கு முரணானவை அல்ல என்பது இதனால் புலனாகும். எனினும், இவை யாவும் மன்னர் குடிகளைப் பற்றியனவே. ஏர் பிடித்தவன் குலமுறையைச் செப்பேட்டில் பொறித்தார் இலர்.

எளிய மக்களின் கொடிவழி ஏட்டில் ஏறிய இடங்களுள் அரித்துவாரம் குறிப்பிடத்தக்கது. அங்குள்ள பண்டாக்கள் எனப்படும் புரோகிதர்கள், நீராட வரும் குடும்பங்களின் பெயர்களை ஊர்வாரியாக நீண்ட ஏடுகளில் பதிந்து வருகின்றனர். வருவோர் தம் குடும்பத்துப் பிறப்பு, இறப்பு, திருமணச் செய்திகளைக் கூறிக் கையொப்பமும் இடுவர். பல தலைமுறை கடந்து வருபவரும் தம் முன்னோர் இட்ட கையெழுத்தை அங்குக் காணலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. செய்தியைத் தந்தது குடும்பம்; எழுதிக் காத்தது பண்டா. ஏடு அவருக்குத் தலைமுறை உடைமை. செய்தியோ குடும்பத்தின் உடைமை. இருவரும் ஒருவரை ஒருவர் சார்ந்து நின்றமையால் எவருடையது என்னும் பூசல் எழவில்லை. 1977 முதல் அமெரிக்காவின் ஊட்டா மாநிலக் கொடிவழிக் கழகத்தார் இவ்வேடுகளை நுண்படச் சுருள்களில் படியெடுக்கத் தொடங்கினர். இன்று அப்படிகள் இணையத்தில் உள்ளன. ஏடு, படி, செய்தி என்னும் மூன்றும் மூவர் கைக்குப் பிரிந்தன. உரிமை வினா அங்கேதான் தொடங்குகிறது.

நுண்படச் சுருளிலிருந்து இணையத்திற்கு

மேற்கூறிய கழகம் 1894இல் மார்மன் திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. இறந்த முன்னோர்க்காக உயிருடன் இருப்போர் திருமுழுக்குப் பெறலாம் என்பது அச்சபையின் நம்பிக்கை. அதற்கு முன்னோர் பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே, 1938 முதல் உலகெங்கும் உள்ள பதிவேடுகளை நுண்படம் எடுக்கலாயினர். அவற்றைக் காக்க, 1960களில் கருங்கல் மலையொன்றைக் குடைந்து காப்பறை அமைத்தனர். சேர்ந்த சுருள்கள் ஏறத்தாழ 24 இலட்சம். அவற்றைக் கணினிப் படிமங்களாக்கும் பணி 2021இல் நிறைவுற்றது. 1999 மே மாதத்தில் 'ஃபேமிலி சர்ச்' என்னும் அவர்களது இணையத்தளம் திறக்கப்பட்டு, சமயம் கடந்து எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த வழி பிறந்தது.

அத்திருச்சபையினர் 1984இல் வெளியிட்ட 'கெட்காம்' என்னும் கோப்பு முறையும் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். ஒரு கணினியில் தொகுத்த கொடிவழியை மற்றொரு கணினி படிக்கும்படி மாற்றித் தர அது உதவியது. அதற்கு முன் ஒரு குடும்பத்தின் ஐந்நூறு பெயர்களைப் பெற விரும்புபவர் அவற்றைக் கையால் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது; எழுதும்போதே பிழை கண்ணில் படும், யாரிடமிருந்து பெற்றது என்பதும் நெஞ்சில் நிற்கும். கோப்பு வந்த பின் ஐந்நூறும் ஐயாயிரமும் ஒரே நொடியில் கை மாறின. எளிமை வந்தது, அதனோடு, தந்தவரை மறக்கும் எளிமையும் வந்தது.

மக்கள் இதனை எவ்வளவு நாடினர் என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று. நூறாண்டு மூடி வைக்கப்பட்டிருந்த 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2002 சனவரியில் இணையத்தில் வெளியிடப்பட்டது. நாளொன்றுக்கு 12 இலட்சம் பேர் வருவர் எனக் கருதி அமைக்கப்பட்ட தளத்திற்கு மணிக்கு 12 இலட்சம் பேர் வந்தனர். தளம் தாங்கவில்லை, சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, பல மாதங்கள் சென்ற பின்னரே முழுமையாகத் திறக்கப்பட்டது.

தொண்டும் வணிகமும்

இணையத்தின் தொடக்க நாள்களில் கொடிவழி ஆய்வாளர்கள் தொண்டுள்ளத்தோடு இயங்கினர். கல்லறைக் கல்வெட்டுகளையும் தேவாலயப் பதிவுகளையும் கண் வலிக்கப் படித்துத் தட்டச்சு செய்து, கைம்மாறு கருதாது தந்தனர். அவ்வாறு திரண்ட செய்திகளைத் தாங்கிய 'ரூட்ஸ்வெப்' என்னும் இலவசத் தளத்தை 2000ஆம் ஆண்டில் 'ஆன்செஸ்ட்ரி' என்னும் வணிக நிறுவனம் வாங்கியது. 1995இல் தனியொருவர் தொடங்கிய 'ஃபைண்ட் எ கிரேவ்' என்னும் கல்லறைத் தளமும் 2013இல் அதே நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இரண்டும் மக்களுக்கு இலவசமாகவே விடப்பட்டன எனினும், தொண்டர் தம் உழைப்பைத் தந்தது பொதுவிற்கா, நிறுவனத்திற்கா என்னும் ஐயம் எழுந்தது.

2007 ஆகத்தில் அவ்வையம் பூசலாக வெடித்தது. பிறர் தத்தம் தளங்களில் இட்டிருந்த பக்கங்களை ஆன்செஸ்ட்ரி நிறுவனம் படியெடுத்துத் தன் கட்டணத் தொகுப்பில் சேர்த்தமையை ஆய்வாளர்கள் கண்டனர். கண்டனம் எழவே, சில நாள்களில் அத்தொகுப்பு நீக்கப்பட்டது. 2021 ஆகத்தில் மீண்டும் ஒரு சலசலப்பு. பயனர் ஏற்றும் படங்களையும் எழுத்துகளையும் நிறுவனம் என்றென்றும் பயன்படுத்தலாம், அவ்விசைவைத் திரும்பப் பெற இயலாது என விதி திருத்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், பயனர் தம் பொருளை நீக்கினால் அவ்விசைவும் முடியும் என்று விளக்கம் சேர்க்கப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நிறுவனத்தின் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனம் 470 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் வாங்கியிருந்தது. பாட்டியின் பழைய புகைப்படமும் பங்குச் சந்தைக் கணக்கில் ஒரு துளியாகும் காலம் இது என்பதை இவ்வெண் உணர்த்தும்.

வணிகத்தை முற்றும் பழித்தலும் முறையன்று. கோடிக்கணக்கான ஏடுகளைப் படியெடுத்துச் சொல்லடைவு அமைக்கப் பொருள் வேண்டும். அப்பொருளை எவரேனும் ஈட்டியாக வேண்டும். இலவசம் என்பது நிலைபேற்றிற்கு உறுதியும் அன்று. எண்ணற்ற குடும்ப வரலாற்றுப் பக்கங்களைத் தாங்கியிருந்த 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவசத் தளத்தை யாகூ நிறுவனம் 2009இல் மூடியபோது, அவற்றுள் பல ஒரே நாளில் மறைந்தன. ரூட்ஸ்வெப் தளமும் பாதுகாப்புக் குறைபாட்டினால் 2017 திசம்பரில் மூடப்பட்டுப் பகுதி பகுதியாகவே மீண்டது. பிறர் நிலத்தில் நட்ட மரம், நிலத்துக்குரியவன் மனத்தைப் பொறுத்தே நிற்கும்.

தனிமரமும் பொதுமரமும்

இணையக் கொடிவழிகள் இருவகைப்படும். ஒவ்வொருவரும் தத்தம் மரத்தைத் தாமே வளர்ப்பது ஒருவகை. உலகோர் அனைவரும் கூடி ஒரே மரத்தை வளர்ப்பது மற்றொரு வகை. 2008இல் தோன்றிய 'விக்கிட்ரீ' இதற்கு எடுத்துக்காட்டு. ஃபேமிலி சர்ச் தளத்தின் மரமும் இவ்வகையினதே.

தனிமரத்தில் உரிமை தெளிவு; ஆயின் ஒருவர் செய்த பிழையை மற்றவர் ஆராயாது படியெடுக்க, ஒரே பிழை நூறு மரங்களில் காய்க்கும். நூறு இடங்களில் உள்ளது என்பதே பிழைக்குச் சான்றாகியும் விடும். பொதுமரத்தில் பிழையைத் திருத்துவோர் பலர். ஆயின் பல்லாண்டு உழைத்து நிறுவிய ஒன்றை நேற்று வந்தவர் ஒருவர் மாற்றிவிடவும் கூடும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம்; திசைக்கொருவர் வடத்தைப் பற்றினால் தேர் நகராது. எம்முறையாயினும், ஒவ்வொரு கூற்றிற்கும் சான்று காட்டும் ஒழுங்கு இருந்தால்தான் கொடிவழி வரலாறாகும். இன்றேல் அது பெயர்க் குவியலே.

சட்டம் வரைந்த எல்லை

உழைத்துத் திரட்டியவற்றிற்குச் சட்டம் காப்பளிக்கிறதா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991 மார்ச்சில் வழங்கிய தீர்ப்பு இதில் அடிப்படையானது. கன்சாஸ் மாநிலத்துச் சிறிய தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயர்ப் பட்டியலை 'ஃபைஸ்ட்' என்னும் பதிப்பகம் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. படியெடுப்போரைப் பிடிக்கவே அந்நிறுவனம் தன் பட்டியலில் சில பொய்ப் பெயர்களை வைத்திருந்தது. அவற்றுள் நான்கு அப்பதிப்பகத்தின் தொகுப்பில் அப்படியே காணப்பட்டன. படியெடுத்தது ஐயமற மெய்ப்பிக்கப்பட்டும் நீதிமன்றம் பதிப்பகத்திற்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. உண்மைச் செய்திக்கு எவரும் ஆசிரியர் ஆகார். உழைப்பு மட்டுமே பதிப்புரிமை தராது. தேர்விலும் அமைப்பிலும் சிறிதேனும் படைப்பாற்றல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வணிகத் தொலைபேசிக் கையேடு பற்றிய வழக்கில் 2017இல் இவ்வழியையே பின்பற்றியது. ஐரோப்பிய ஒன்றியமோ 1996இல் வேறு வழி கண்டது. பெரும்பொருள் செலவிட்டுத் தொகுத்த தரவுத்தளத்திற்குப் பதினைந்தாண்டுத் தனியுரிமை தந்தது.

இவற்றைக் குடும்ப வரலாற்றிற்குப் பொருத்திக் காண்க. ஒருவர் இன்ன நாளில் பிறந்தார், இன்னாரை மணந்தார் என்பன செய்திகள். அவற்றைக் கண்டறியப் பத்தாண்டு ஆயினும் அவை எவர்க்கும் உடைமை ஆகா. ஆனால் அச்செய்திகளைக் கொண்டு எழுதிய வரலாறு, எடுத்த புகைப்படம், வரைந்த மடல் ஆகியவை படைப்புகள். மலேசியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரையிலும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகள் வரையிலும் எழுத்திற்குப் பதிப்புரிமை உண்டு. தாத்தா எழுதிய மடல் தாளாகப் பெற்றவருக்குச் சொந்தம். அதன் எழுத்துரிமையோ எழுதியவர் வழிவந்தோர்க்கு உரியது. இவ்வேறுபாட்டை அறியாமையே பல குடும்பப் பூசல்களுக்கு வித்தாகிறது.

புகழ்பெற்ற நூல்களும் இதற்கு விலக்கல்ல. ஆப்பிரிக்க மூதாதையரைத் தேடி அலெக்ஸ் ஹேலி எழுதிய 'ரூட்ஸ்' 1976இல் வெளிவந்து, கொடிவழித் தேடலை உலகெங்கும் தூண்டியது. ஆயின் அதன் சில பகுதிகள் தம் புதினத்திலிருந்து எடுக்கப்பட்டவை என ஹெரால்டு கூர்லாண்டர் வழக்குத் தொடர, 1978இல் 6,50,000 டாலர் கொடுத்து அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. முன்னோர் கதை தமதே ஆயினும், அதைச் சொல்லப் பிறரிடம் பெற்ற சொற்களுக்கு அவர் பெயரைக் கூற வேண்டும் என்பதே இதன் பாடம்.

உயிருடன் இருப்போரும் இறந்தோரும்

உடைமை வினாவினும் கூரியது மறைபொருள் வினா. ஒருவரது கொடிவழி அவருக்கு மட்டும் உரியது அன்று. உடன்பிறந்தார்க்கும் ஒன்றுவிட்ட உறவினர்க்கும் அதில் பங்குண்டு. ஆகவே ஒருவர் பகிரும்போது பலருக்குரியதையும் சேர்த்தே பகிர்கிறார். 2023இல் '23அண்ட்மீ' என்னும் மரபணு ஆய்வு நிறுவனத்தில் நிகழ்ந்தது இதனை நன்கு விளக்கும். திருடர் நேரே நுழைந்தவை ஏறத்தாழ 14,000 கணக்குகளே. ஆயின் உறவினரோடு செய்தி பகிரும் ஏற்பாட்டின் வழியே ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய விவரங்கள் வெளிப்பட்டன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் நொடிப்பு மனு அளித்தபோது, அதனிடம் இருந்த மரபணுச் செய்தியும் விற்பனைப் பொருளாயிற்று. நிறுவனர் தலைமையிலான அறநிறுவனம் ஒன்று 30 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதனைப் பெற்றது.

பகிர்ந்த செய்தி நன்மைக்கும் பயன்படும். எதிர்பாராத வழியிலும் பயன்படும். கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் தொடர் கொலைகள் புரிந்தவன், உறவினர் தேடுவோர்க்கென அமைந்த 'கெட்மேட்ச்' தளத்தின் துணையால் 2018இல் பிடிபட்டான். நீதி வென்றது, ஆனால் உறவு தேடவே தம் மரபணுவைத் தந்தவர்கள், இசைவு கேட்கப்படாமலே காவல்துறைக்குத் துணையாயினர். அதன் பின்னர், இசைவு தந்தோர் செய்தியை மட்டுமே காவல்துறைக்குக் காட்டும்படி 2019இல் விதி மாற்றப்பட்டது.

இறந்தோர்க்கும் மதிப்பு உண்டு. இட்லரின் கொலைக்களங்களில் மாண்ட யூதர்களின் பெயர்கள் மார்மன் திருமுழுக்குப் பட்டியலில் இடம்பெற்றமை யூதர் உள்ளத்தைப் புண்படுத்தியது. 1995இல் இரு சாராரும் உடன்பாடு கண்டு, அப்பெயர்களை நீக்க முடிவு செய்தனர். தருவோர் அன்பெனக் கருதுவதைப் பெறுவோர் அவமதிப்பெனக் கருதலாம். பெயர் என்பது வெறும் எழுத்தன்று.

கப்பலில் ஏறியோர் பட்டியல்

தமிழர்க்கு இப்பொருள் நெருங்கிய தொடர்புடையது. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரோடு தென்னாப்பிரிக்காவின் தர்பனை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர்; பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு எனப் பலவும் பதியப்பட்டன. ஆளை அடையாளங்கண்டு பிடித்து வைப்பதற்காக எழுதிய அவ்வேடுகளே இன்று பேரப்பிள்ளைகள் ஊர் தேடிச் செல்லும் வழிகாட்டிகளாயின. பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு இணையத்திலும் இடம்பெற்றுள்ளன. மொரீசியசில் 1834 முதல் வந்திறங்கிய இந்தியரின் பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. புகைப்படங்களும் அவற்றுள் உண்டு. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

ஈண்டு இரு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, பெயர். தமிழ்ப் பெயரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். குடும்பப் பெயர் இல்லாத மரபில் வந்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலி போன்ற பட்டங்கள் திரிந்த வடிவில் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. மேனாட்டார் வகுத்த கணினி நிரல்களோ குடும்பப் பெயரையே தலைமைப்படுத்துவன. தந்தை பெயரைத் தலைமுறைதோறும் புதிதாகக் கொள்ளும் தமிழ்க் குடும்பத்தை அந்நிரலில் இட்டால், நான்கு தலைமுறைக்கு நான்கு குடும்பங்கள் தோன்றும். முறையைப் பிறர் வகுத்தால் செய்தியும் அவர் முறைக்கு வளையும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, சாதி. ஏட்டில் உள்ளது என்பதற்காக அதனை அப்படியே உலகறிய வெளியிடலாமா? மறைத்தால் வரலாறு குறைபடும். வெளியிட்டால் இன்று வாழ்வோர் சிலர் இழிவுபடுத்தப்படவும் கூடும். மூல ஏட்டைத் திருத்தாது காத்து, ஆய்வாளர்க்குக் காட்டி, குடும்பத்தார் விரும்பாதபோது பொதுப்பக்கத்தில் அதனை இடாது விடுதலே நடுநிலையான வழியாகத் தோன்றுகிறது.

மலேசிய, சிங்கைத் தமிழர் நிலை

மலாயாவின் நிலை வேறு. ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. 1907இல் அமைந்த குடியேற்ற நிதியின் துணையோடு கங்காணிகள் ஊரார் உறவினரைத் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு அதனைத் தடை செய்யும்வரை அம்முறை நீடித்தது. கங்காணி அழைத்து வந்தோரின் கொடிவழி பெரும்பாலும் தாளில் அன்று, நாவில் வாழ்ந்தது. தோட்டப் பெயர் தாங்கிய பிறப்புச் சான்று, 1948இல் தொடங்கிய அடையாள அட்டை, திருமண அழைப்பிதழ், கோயில் நன்கொடைப் பலகை, சுவரில் தொங்கும் மாலையிட்ட படம் ஆகியவையே பல குடும்பங்களின் ஆவணங்கள்.

சயாம் மரண இரயில்பாதை இதன் இன்றியமையாமையை உணர்த்தும். 1942 முதல் 1945 வரை மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர் பெயர்களை இணையத்திலும் தேடிக் காணலாம். அதே பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்க்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. 'தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துச் சென்றார்கள். திரும்பவில்லை' என்று ஒரு பாட்டி கூறியதை ஒரு பேரன் எழுதி வைத்திருந்தால், அக்குறிப்பேடே அவருக்குரிய கல்லறை. அதனைப் பூட்டி வைப்பதும், ஆராயாது சிதைத்துப் பரப்புவதும் அவரை மீண்டும் ஒருமுறை புதைப்பதற்கு ஒப்பாகும்.

முறையாகப் பகிர்வதற்கு முன்மாதிரி அருகிலேயே உள்ளது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி தமிழ் நேர்காணல்களையும் கொண்டது. பேசியவர் இசைவு எழுத்தில் பெறப்படுகிறது. சில பதிவுகள் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. சிலவற்றைக் கேட்க ஒப்புதல் வேண்டும். பேசியவர் பெயரும், பதிந்த நாளும், நிபந்தனையும் பதிவோடு நிற்கின்றன. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இதழின் பழைய பக்கங்களும் அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் உள்ளன. இறப்பு அறிவிப்பு ஒன்றேனும் பல குடும்பங்களுக்கு வழி காட்டும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுச் சட்டம் வணிக நடவடிக்கைகளைப் பற்றியது; சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் ஒருவர் தம் இல்லத் தேவைக்காகச் செய்வதைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே குடும்பத்தினுள் சட்டம் நுழையாத இடத்தை அறமே ஆள வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன இவை: செய்தி எவர்க்கும் தனியுடைமை அன்று, எழுத்தும் படமும் படைத்தவர்க்கு உரியவை, தேடிய உழைப்பிற்கு விலை இல்லாவிடினும் நன்றி உண்டு, உயிருடன் இருப்போர் மறைபொருள் அவரவர்க்கே உரியது. இவற்றை ஏற்போர் செய்ய வேண்டியவையும் எளியவையே. எடுத்தது யாரிடமிருந்து என்பதை எழுதுதல். கேட்டறிந்ததையும் சான்று கண்டதையும் பிரித்துக் காட்டுதல். வாழ்வோர் பிறந்த நாளையும் அடையாள எண்ணையும் வெளியிடாதிருத்தல். ஒரே தளத்தை நம்பாது, தாளில் ஒரு படியும் உறவினரிடம் ஒரு படியும் வைத்தல்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பங்குண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, மூன்று தலைமுறைக் கொடிவழியைத் தமிழில் எழுதுமாறு ஒரு பயிற்சி தரலாம். சொன்னவர் பெயர், கேட்ட நாள், சொன்னவரது இசைவு ஆகிய மூன்றையும் அடியில் குறிக்கப் பழக்கலாம். கட்டுரைப் பயிற்சியாகத் தொடங்குவது ஆவணமாக முடியும். பெயரைச் சரியான தமிழ் எழுத்தில் எழுதி வைக்கும் முதல் ஏடு அக்குடும்பத்திற்கு அதுவாகவே இருக்கவும் கூடும்.

செல்வத்தைப் பகிர்ந்தால் குறையும். கல்வியைப் பகிர்ந்தால் வளரும் என்பர். குடும்ப வரலாறு கல்வியைச் சார்ந்தது. சொன்ன பாட்டி இன்று இருப்பார். நாளை இருப்பார் என்பது உறுதியன்று. உரிமை யாருக்கு என்னும் வினாவிற்கு விடை காண்பதற்குள் சொல்வார் இல்லாமற் போய்விடின், உரிமை கொள்ளவும் ஒன்றும் எஞ்சாது.